பார்த்தெனானும் 1.618-உம்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பொன் விகிதம், அதாவது ஏறக்குறைய 1.618-க்கு 1 என்ற விகிதம் பற்றிச் சுவரொட்டி தயாரிக்கிறேன். ஏதென்ஸ் பார்த்தெனான் கோயில் படத்தைக் காட்டி, முகப்பின் அகலத்தை உயரத்தால் வகுத்தால் 1.618 என்றேன். ஒரு மாணவி ஸ்கேலால் அளந்து, “வரலையே சார்” என்றாள். “தோராயமாகத்தான் வரும், உட்கார்” என்றேன். வேறு எந்தப் படங்களைச் சேர்க்கலாம்? நாட்டிலஸ் என்ற கடலுயிரியின் சுருள் ஓடு, மோனாலிசா போடலாமா?

ஒரு கணித ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொன்ன அந்த ‘உட்கார்’ எனக்குக் கோபத்தை வரவழைத்தது. அதை மறைக்காமல் எழுதியதால்தான் பதில் எழுதுகிறேன். வகுப்பில் அன்றைக்குக் கணக்கு செய்தது அவள் ஒருத்திதான்.

நாட்டிலஸ் ஓடு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3 மடங்கு விரிகிறது. கால் சுற்றுக்கு 1.618 மடங்கு விரியும் பொன் சுருளுக்கு, முழுச் சுற்றுக்குக் கிட்டத்தட்ட 7 மடங்கு வேண்டும். மோனாலிசாவை விடுங்கள்.

பார்த்தெனான் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகவே அதன் அளவுகளோடுதான் இருக்கிறேன். முகப்பின் உச்சி இடிந்துபோய்விட்டது. பொன் செவ்வகம் வரைகிறவர்கள் இல்லாத உச்சியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கீழே எந்தப் படியில் தொடங்குவது என்பதையும் விடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறார்கள். பரீட்சையில் ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் மதிப்பெண் போடுவீர்களா?

அங்கே உண்மையில் இருப்பது 9:4. தூண்கள் நிற்கும் மேடை 69.5 மீட்டர் நீளம், 30.9 மீட்டர் அகலம். வகுத்துப் பாருங்கள், 2.25. அந்த அகலத்தை முக்கோண முகப்புக்குக் கீழே வரையுள்ள உயரத்தால், அதாவது 13.7 மீட்டரால் வகுத்தாலும் ஏறக்குறைய அதேதான். தூணுக்குத் தூண் இடைவெளி 4.3 மீட்டர், தூணின் அடி விட்டம் 1.9. மறுபடியும் அதே! உயரம், அகலம், நீளம் மூன்றையும் சேர்த்து எழுதினால் 16:36:81. ஒரே விகிதம் தூணிலும் முகப்பிலும் மொத்தக் கட்டடத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது. இசைவு என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. 9/4 என்பது 3/2-ஐ இரண்டு முறை பெருக்கியது. 3/2 என்பது ஸட்ஜத்துக்கும் நம் பஞ்சமத்துக்கும் உள்ள அதிர்வெண் விகிதம். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம், அதிலிருந்து இன்னொரு பஞ்சமம் ஏறினால் மேல் ஸ்தாயி ரிஷபம். கட்டியவர்கள் இதை நினைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எண்கள் அப்படி அமைந்திருக்கின்றன, அவ்வளவுதான். இவ்வளவு இருக்கும்போது, இல்லாத 1.618-ஐ அதன்மேல் ஏன் ஒட்டவேண்டும்? அந்த விகிதத்தை வரையறுத்த பழைய கிரேக்கக் கணித மேதை யூக்ளிட்கூட அதை அழகின் சூத்திரம் என்று சொல்லவில்லை.

சரி, சுவரொட்டி. அதில் ஒழுங்கு ஐங்கோணத்தைப் போடுங்கள். நீளமான காகிதப் பட்டையில் சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, கசங்காமல் மெல்ல இறுக்கித் தட்டையாக அமுக்கினால் ஐங்கோணம் வரும். அதன் மூலைவிட்டத்தைப் பக்கத்தால் வகுத்தால் 1.618. முதலில் அந்த மாணவியைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். ஸ்கேலில் 1.6 வந்தால் தோராயம் எங்கிருந்து வருகிறது என்று அவளே கேட்பாள். இந்தத் தடவை உட்காரச் சொல்லாதீர்கள்.