வீட்டுப் பத்திரத்தில் 'வெள்ளையர் மட்டும்': என்ன செய்வது?

கேள்வி: அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டிலில் ஒரு பழைய வீடு வாங்கினோம். வந்த காகிதக் கட்டில் 1929-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று இருக்கிறது. காக்கேசிய இனத்தவர், அதாவது வெள்ளையர், தவிர வேறு யாரும் இந்த மனையில் குடியிருக்கக் கூடாதாம், வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் இருக்கலாமாம். இதனால் வில்லங்கம் வருமா? நீக்க முடியுமா?

பதில்: வராது, நிம்மதியாக இருங்கள். ஷெல்லி வழக்கில் 1948-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்த மாதிரி நிபந்தனையை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனாலும் பத்திரங்களில் இப்படி எழுதிக்கொள்வது நிற்கவில்லை. 1968-இல் வந்த நியாய வீட்டுவசதிச் சட்டம்தான் வீடு விற்பதில் இனம் பார்ப்பதையே சட்டவிரோதமாக்கியது. வாஷிங்டன் மாநிலச் சட்டப்படியும் அந்த நிபந்தனை செல்லாது. கடனுக்கோ மறுவிற்பனைக்கோ அது குறுக்கே நிற்காது.

இது ஏதோ நாலு பேரின் தனிப்பட்ட வெறுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். தெருக்களை இனவாரியாகப் பிரிக்க நகராட்சிகளுக்கு உரிமை இல்லை என்று 1917-இல் தீர்ப்பு வந்ததும், மனை போட்டு விற்றவர்கள் அதே வேலையைப் பத்திரத்தில் செய்தார்கள். 1934-இல் தொடங்கிய கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம், கடனுக்கு உத்தரவாதம் தரும் தன் கையேட்டிலேயே இந்த நிபந்தனையைப் பரிந்துரைத்தது. அந்தக் கால இனவகைப்பாட்டில் இந்தியரையும் காக்கேசியராகச் சேர்த்ததால், அந்தச் சொல்லை வைத்து நாமும் உள்ளே வந்திருக்கலாமே என்று தோன்றலாம். அமெரிக்காவில் குடியேறிய பஞ்சாபியர் பகத் சிங் திண்ட், காக்கேசியர் என்பதால் தானும் வெள்ளையரே என்று தன் குடியுரிமை வழக்கில் அப்படித்தான் வாதாடினார். நீங்கள் காக்கேசியராகவே இருந்தாலும் சாதாரண மனிதர் புரிந்துகொள்ளும் பொருளில் வெள்ளையர் இல்லை என்று 1923-இல் தீர்ப்பானது.

சரி, நீக்கும் வழி. சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டியின் (மாவட்டத்தின்) பதிவு அலுவலகத்தில் திருத்த ஆவணம் ஒன்றைப் பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது. வழக்கறிஞரும் வேண்டாம், யாராவது இதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த நிபந்தனை செல்லாது என்ற குறிப்பு உங்கள் வீட்டுப் பதிவில் ஏறிவிடும். பழைய தாள் அப்படியே இருக்கும். அதையும் எடுத்தாக வேண்டும் என்றால் நீதிமன்றத்துக்குப் போகலாம். அவ்வளவு தூரம் போகாமல், திருத்தத்தோடு நிறுத்துங்கள் என்பது என் கருத்து. காரணம், அந்தத் தாள் ஒரு சாட்சி. 2021-இல் மாநில அரசே வாஷிங்டன் பல்கலைக்கழகத்திடமும் கிழக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்திடமும் இந்தத் தாள்களைத் தேடியெடுக்கும் பொறுப்பைக் கொடுத்தது. 2023-இல் இன்னொரு சட்டம் வந்தது. இந்த நிபந்தனைகளால் ஒதுக்கப்பட்ட சமூகங்கள் முதல் வீடு வாங்க முன்பணக் கடன் கொடுக்கிறார்கள். அதற்கான பணம் பத்திரப் பதிவில் வாங்கும் 100 டாலர் கட்டணத்திலிருந்து வருகிறது. பட்டியலில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. ஆனால் 1968 ஏப்ரலுக்கு முன் அந்த மாநிலத்தில் வாழ்ந்தவராகவோ அவர் வழிவந்தவராகவோ இருக்க வேண்டும். ஐடி வேலைக்குப் போன நம் குடும்பங்களில் அப்படி யாரும் தேறுவது அபூர்வம்.

அப்புறம் ஒன்று. நீங்கள் பதிவு செய்யும் திருத்தம் உங்கள் மனைக்கு மட்டும்தான். இந்த நிபந்தனையைப் பெரும்பாலும் மனைப் பிரிவு முழுவதற்கும் சேர்த்தே எழுதுவார்கள் என்பதால், பக்கத்து வீட்டுக்காரரின் பத்திரத்திலும் அதே வாசகம் இருக்க வாய்ப்பு அதிகம். படிவத்தை எடுக்கும்போது அவருக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.