கேம் செய்ய ஆசைப்படும் மகளுக்கு எங்கே தொடங்குவது

வணக்கம் சார். ஏற்காட்டில் நெட் அடிக்கடி போகிறது, எட்டாவது படிக்கும் மகள் கேம் செய்ய ஆசைப்படுகிறாள், சேலத்தில் கோச்சிங் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். ஸ்க்ராட்ச் போதும்; கட்டளைக் கட்டங்களை அடுக்கியே கேம் செய்யும் மென்பொருள் அது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்டது, முழுக்க இலவசம். தளத்திலிருந்து செயலியை ஒருமுறை இறக்கிவிட்டால் அப்புறம் நெட் இல்லாமலே ஓடும். சேலம் வரும்போது இறக்கிக்கொள்ளுங்கள்.

வீடியோ பார்த்து அப்படியே காப்பி அடிக்க விடாதீர்கள். தெரிந்த இடத்தையே கேமாக்கச் சொல்லுங்கள். நம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றை வரையட்டும்: சாலை சாம்பல், ஓரம் பச்சை. ‘வேகம்’ என்று ஒரு மாறி, அதாவது மாறும் எண்ணை வைத்துக்கொள்ளும் ஒரு பெட்டி. பஸ் பச்சையைத் தொட்டால் வேகம் பூஜ்ஜியம். நிறத்தைத் தொடுகிறதா என்று பார்க்க அதில் தனிக் கட்டமே உண்டு. அது ஓடியபிறகு குறுக்கே ஒரு காட்டெருமையை விடட்டும். பஸ் ஏன் ஓரத்தில் சிக்கி நின்றுவிடுகிறது என்று அவளே மண்டையை உடைத்துக்கொள்வாள் பாருங்கள், அங்கேதான் படிப்பே நடக்கிறது. நீங்கள் விடை சொல்லிவிடாதீர்கள்.

இது கைவந்தபின் கோடோ (Godot) என்ற கேம் செய்யும் மென்பொருள். அதுவும் இலவசம், ஆனால் கட்டம் அடுக்காமல் கட்டளைகளை (code) எழுத வேண்டும். லேப்டாப்பில் ரேம் எவ்வளவு என்று சொன்னால், கோடோ தாங்குமா என்று சொல்கிறேன்.