நடக்காத பக்கவாதத்துக்கு ரசீது ஏது?

கேள்வி: என் மகள் ஆரம்பநிலை மருத்துவம், சுகாதாரப் பொருளாதாரம் இரண்டையும் சேர்த்து முனைவர் பட்ட ஆய்வு செய்யப் போகிறாள். சளிக்கும் காய்ச்சலுக்கும் டாக்டரைப் பார்ப்பதில் ஆராய என்ன இருக்கிறது?

பதில்: 30 வருடம் இதே துறையில் இருந்தவள் நான். என் அம்மாவும் என்னிடம் இதையேதான் கேட்டார்.

ஆய்வில் சேர்ந்த புதிதில், ஒரு குடும்ப டாக்டரின் அறை மூலையில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருந்தேன். எத்தனை நிமிடம், என்ன மருந்து, எவ்வளவு செலவு என்று கட்டம் போட்ட தாளில் குறிக்க வேண்டும். இருமலுக்கு மருந்து கேட்டு ஒருவர் வந்தார். டாக்டர் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். அப்புறம் அவருடைய இடுப்பைப் பார்த்தார். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை, ஆணியால் குத்தியது போல ஓரம் பிசிறடித்து இருந்தது. "எப்போதிலிருந்து இப்படி இளைக்கிறீங்க?" என்று கேட்டார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. 11 வருடமாக அவரைப் பார்த்துவந்த டாக்டர் என்பதால்தான் அந்த ஓட்டை கண்ணில் பட்டது. என் தாளில் '6 நிமிடம், இருமல் மருந்து' என்று எழுதத்தான் இடம் இருந்தது. உங்கள் மகளுடைய வேலை, அந்த பெல்ட்டுக்கும் ஒரு கட்டம் போடுவது.

லேசான வேலை இல்லை. ஆபரேஷன் நடந்தால் பில் இருக்கும். டாக்டர் முன்கூட்டியே கவனித்ததால் வராமல் போன பக்கவாதத்துக்கு ரசீது ஏது? ஒப்பிட்டுத்தான் எண்ண முடியும். நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவேடுகளை வைத்து அப்படி எண்ணினார்கள். 2022-இல் அந்த ஆய்வு வெளியானது. ஒரே குடும்ப டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களை, ஒரு வருடம் மட்டுமே இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நீண்ட காலம் இருந்தவர்கள் திடீரென ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைவு. இறக்கும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம் குறைவு. வயது, நோய் போன்ற வேறுபாடுகளைக் கழித்த பிறகு வந்த கணக்கு இது. இப்படிப் பழகிய உறவை இத்தனை சதவீதம் என்று சொல்ல முடிந்ததே, அதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கேள்வி: சிறு கட்டணம் வைத்தால் தேவையில்லாமல் டாக்டரிடம் வருவது குறையும், பணமும் மிச்சமாகும் அல்லவா?

பதில்: வருவது குறையும், உண்மைதான். அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் இதைச் சோதித்துப் பார்த்தது. சில குடும்பங்களுக்கு வைத்தியம் முழுக்க இலவசம், மற்றவர்கள் ஒரு பங்கு கட்ட வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்தார்கள். பணம் கட்டியவர்கள் டாக்டரிடம் போவதைக் குறைத்தார்கள். ஆனால் தேவையில்லாத வைத்தியத்தோடு தேவையான வைத்தியத்தையும் சேர்த்தே குறைத்தார்கள். சராசரியாகப் பார்த்தால் பெரும்பாலானோரின் உடல்நிலையில் பெரிய மாற்றமில்லை. ஏழைகளாகவும் ரத்த அழுத்தம் உள்ளவர்களாகவும் இருந்தவர்களைத் தனியாகப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. இலவச வைத்தியம் பெற்றவர்களுக்கு பிரஷர் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. சராசரியோடு நிறுத்தியிருந்தால் இவர்கள் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள்.

வேல்ஸில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்க கிராமத்தில் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இலேயே 'லான்செட்' மருத்துவ இதழில் இதை எழுதிவிட்டார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது. சந்தையின் கையில் விடும் இடத்தில் இது இன்னும் மோசம் என்றார். எழுதியதோடு விடாமல், தன் நோயாளிகள் அத்தனை பேருக்கும் பிரஷர் பார்த்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று வராமலே இருந்தவர்களையும் தேடிப் பிடித்தார்.

கேள்வி: அவள் எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: பார்பரா ஸ்டார்ஃபீல்டிலிருந்து. முதலில் போகிற இடம், தொடர்ந்த உறவு, முழுமையான கவனிப்பு, மற்ற டாக்டர்களோடு ஒருங்கிணைப்பு என்று இந்த மருத்துவத்தை நான்காகப் பிரித்து, அளந்து பார்க்க வழி செய்தவர் அவர். சரி, புள்ளிவிவரக் கோப்பைத் திறக்கும் முன் இரண்டு வாரம் ஒரு டாக்டரின் அறை மூலையில் உட்காரச் சொல்லுங்கள். தாளில் கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு எழுதாமல் காலியாக விடட்டும்.