போனுக்கு இன்சூரன்ஸ் தேவையா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகனுக்குத் தவணையில் புது ஸ்மார்ட்போன் வாங்கியிருக்கிறேன். மாதாமாதம் ஒரு சிறு தொகை கட்டினால் உடைந்தாலும் தொலைந்தாலும் கவலையில்லை என்று கடையில் சொல்கிறார்கள். பழைய போனின் டிஸ்ப்ளேயை உடைத்தவன் அவன். இன்சூரன்ஸ் எடுக்கலாமா?

பதில்: டிஸ்ப்ளே உடையும் என்று பயந்து எடுப்பதாக இருந்தால், வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

போனின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். பிரீமியம் மாதம் 1. க்ளெய்ம் செய்யும்போது உங்கள் பங்காக ஒரு தொகை கேட்பார்கள். அது 15 என்று வையுங்கள். வெளியே டிஸ்ப்ளே மாற்ற 25 ஆகும் என்றால், இன்சூரன்ஸால் ஒரு முறைக்கு மிச்சமாவது 10 மட்டுமே. இரண்டு வருடத்தில் நீங்கள் கட்டும் 24-ஐத் திரும்ப எடுக்க, பையன் மூன்று முறை உடைக்க வேண்டும்! அவ்வளவு க்ளெய்முக்கு இடம் தராத பாலிசிகளும் உண்டு. இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் பாலிசியில் இருப்பதைப் போட்டுப் பாருங்கள்.

போன் மொத்தமாகப் போய்விட்டால் கதை வேறு. மூன்றாம் மாதமே திருடுபோனால் கட்டியது 3, உங்கள் பங்கு 15, ஆக 18-ல் மாற்றுப் போன் வந்துவிடும். நல்ல லாபம்தான். அதே திருட்டு 22-ம் மாதம் நடந்தால்? அதற்குள் அதே மாடல் செகண்ட் ஹேண்டில் 40-க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். உங்களுக்கோ 37 செலவாகியிருக்கும். போனின் மதிப்பு மாதாமாதம் இறங்குகிறது, பிரீமியம் இறங்குவதில்லை. கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். தேய்மானம் கழித்துக் கொடுத்தாலோ, பழுது பார்த்த பழைய போனைக் கொடுத்தாலோ லாபம் இன்னும் சுருங்கும்.

அப்புறம், "தொலைந்தாலும்" என்று சொன்னார்களே, அது பாலிசியில் எழுதியிருக்கிறதா? உடைந்தால் மட்டும் என்று ஒரு வகை, திருட்டுக்கு உண்டு, தொலைந்தால் இல்லை என்று இன்னொரு வகை. மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனபோது காணாமல் போனால் மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆப்பிளின் திருட்டு, இழப்புத் திட்டத்தில் போன் காணாமல் போன நேரத்தில், அது இருக்கும் இடத்தைக் காட்டும் 'ஃபைண்ட் மை' வசதி இயங்கிக்கொண்டிருந்தால்தான் க்ளெய்ம். திருட்டு என்றால் பெரும்பாலும் போலீஸ் புகார் நகல், பில், ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) எல்லாம் கேட்பார்கள். அந்த எண்ணுக்கு *#06# அழுத்திப் பார்த்து இன்றே குறித்து வையுங்கள். போன் போன பிறகு, அந்த எண் அச்சிட்ட பெட்டியைத் தேடி வீட்டைப் புரட்டுபவர்கள்தான் அதிகம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் தவணையில் வாங்கியிருக்கிறீர்கள். போன் போனாலும் தவணை நிற்காது. பழைய தவணையோடு புதுப் போனின் செலவும் சேரும். அதைச் சமாளிக்கச் சேமிப்பு இருக்கிறது என்றால் பாலிசி வேண்டாம். நல்ல பேக் கவரும் டெம்பர்டு கிளாஸும் போதும், பிரீமியத்துக்கான தொகையைத் தனியாகப் போட்டு வாருங்கள். அவ்வளவு சேமிப்பு இல்லையா? திருட்டும் அடங்கிய பாலிசியை முதல் வருடத்துக்கு மட்டும் எடுங்கள். அதற்கு முன் உங்கள் கிரெடிட் கார்டிலோ வீட்டு இன்சூரன்ஸிலோ இந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எடுத்தால், தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.