பாட்டுக்கு ஒரு பேர், பாடினால் வேறு பேர்

திருகோணமலையில் கல்யாண வீடு, திருவிழா என்று சவுண்ட் சேர்விஸ் நடத்துகிறவன் நான். பாட்டுத் தலைப்பும் வரியும் ஒத்துப்போகாமல் குழம்பியவர்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்தவரை பதில்.

உப்புவெளி: அண்ணா, ‘கரை வந்த பிறகே’ பாட்டைத் தேடினால் போனில் ‘தி லைஃப் ஆஃப் ராம்’ என்று வருகிறது. பாட்டில் அப்படி ஒரு வரியே இல்லையே?

அதே பாட்டுத்தான் தங்கச்சி. 2018இல் வந்த ‘96’ படத்துக்குக் கார்த்திக் நேத்தா எழுதி, கோவிந்த் வசந்தா இசையமைத்து, பிரதீப் குமார் பாடியது. ராம் என்பது கதாநாயகன். கமராவோடு ஊர் ஊராகத் திரிகிறவன். அவன் வாழ்க்கையைக் காட்டும் பாட்டு என்பதால் அந்தத் தலைப்பு. முன்பு இந்தத் தொல்லை குறைவு. இலங்கை வானொலிக்கு போஸ்ட்கார்ட் போட்டவர்கள் முதல் வரியையும் படத்தின் பேரையும் எழுதினால் போதும். இப்போது இசையை வெளியிடுகிறவர் வைப்பதுதான் பேர். ஆனால் மேடைக்குச் சீட்டு அனுப்புகிறவர் இன்றைக்கும் முதல் வரியைத்தான் எழுதுவார். அதனால் என் லப்டொப்பில் ‘கரை வந்த பிறகே, லைஃப் ஆஃப் ராம், 96’ என்று மூன்றையும் சேர்த்தே பதிந்து வைத்திருக்கிறேன்.

தம்பலகாமம்: செத்தவீட்டில் ‘ஆடிய ஆட்டமென்ன’ போடச் சொன்னோம். அப்படி ஒரு பாட்டே இல்லை என்றார் சவுண்ட்கார தம்பி.

‘வீடு வரை உறவு’ என்று கேட்டிருந்தால் உடனே போட்டிருப்பார். 1962இல் வந்த ‘பாத காணிக்கை’ படப் பாட்டு. கண்ணதாசன் எழுத, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில் டி.எம்.எஸ். பாடியது. நீங்கள் சொன்னது அதன் தொகையறா. தாளம் சேருவதற்கு முன் இழுத்துப் பாடுகிற பகுதி அது. அது முடிந்த பிறகுதான் பல்லவி, பேரும் பல்லவிக்குத்தான். என்றாலும் சனத்தின் காதில் முதலில் விழுவது தொகையறா. அதையே பேராக நினைப்பதில் என்ன பிழை? பழைய பாட்டுப் போடுகிற தொழிலில் இருப்பவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

கிண்ணியா: அப்படியென்றால் பாட்டுக்குப் பாட்டில் ‘ஆ’ வந்தால் அதைப் பாடலாமா?

நான் நடுவராக இருந்தால் விட்டுவிடுவேன். எதிரணி விடாது.

நகரம்: கோவில் நிகழ்ச்சி நிரலில் ‘கோணேசர் பதிகம்’ என்று போட்டிருந்தது. பிள்ளை பாடியதோ ‘நிரைகழல் அரவம்’. மாற்றிப் பாடிவிட்டாளா?

இல்லை அக்கா, சரியாகத்தான் பாடியிருக்கிறாள். தேவாரத்தைத் தலத்தின் பேராலும் சொல்வோம், முதல் அடியாலும் சொல்வோம். இது சம்பந்தர் பாடியது, மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. இராமேசுவரத்தில் நின்று கோணேசரை நினைத்துப் பாடினார் என்பது மரபு. முதல் பாட்டு முடிகிற இடத்தைக் கவனியுங்கள்: ‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே’. இரைகிற கடல் முத்தை அள்ளிக் கொண்டுவந்து கொட்டுகிறதாம். கோவில் வாசலில் நின்று கீழே அலை மோதுவதைக் கேட்டவருக்கு இது எந்த ஊர்ப் பதிகம் என்று தலைப்புப் போட்டுச் சொல்லத் தேவையில்லை. நிரலில் இரண்டையும் அச்சடித்திருந்தால் உங்களுக்கும் சந்தேகம் வந்திருக்காது.

மூதூர்: எங்கள் தாத்தா தேசிய கீதத்தை ‘நமோ நமோ மாதா’ என்றே சொல்வார். அது வேறு பாட்டா?

ஒன்றேதான். ஆனந்த சமரக்கோன் இயற்றிய சிங்களப் பாட்டு முதலில் அப்படித்தான் தொடங்கியது. அந்தத் தொடக்கம் அபசகுனம் என்று சிலர் கிளப்பிவிட, 1961இல் ‘ஸ்ரீ லங்கா மாதா’ என்று மாற்றினார்கள். சமரக்கோன் அதை விரும்பவில்லை. தமிழில் புலவர் நல்லதம்பி தந்த ‘ஸ்ரீ லங்கா தாயே’யிலும் ‘நமோ நமோ’ அடுத்த வரியிலேயே இருக்கிறது.

நிலாவெளி: வரியும் தெரியாது, தலைப்பும் தெரியாது. மெட்டு மட்டும் ஞாபகம். என்ன செய்வது?

போனில் கூகிள் செயலியைத் திறந்து, மைக்கைத் தொட்டு, பாட்டுத் தேடும் இடத்தில் பத்துப் பதினைந்து செக்கன் முனகுங்கள். 2020இலிருந்து இந்த வசதி இருக்கிறது. சுருதி கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பாருங்கள்.