மெல்பர்னிலிருந்து ஐந்து நாள் காரில் போய் மரே ஆறு, அதன் வடக்கேயுள்ள ரிவரீனா சமவெளிச் சதுப்புகளில் பறவை பார்க்க எப்படித் திட்டமிடுவது?

அக்டோபர் கடைசியில் போவதாக வைத்துக்கொள்வோம். அங்கே அது வசந்தம், நல்ல மாதம். ஆனால் ஊர்களை வரிசைப்படுத்தும் முன் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வெள்ள வருடத்தில் காய்ந்து கிடந்த ஏரிகளெல்லாம் நிரம்பி, வாத்தும் ஐபிஸும் (அரிவாள் மூக்கன்) அங்கே சிதறிப்போகும். பேர்போன சதுப்பு காலியாகக் கிடக்கும். வறண்ட வருடத்தில் கழிவுநீர்க் குட்டையில்கூடக் கூட்டம் நிற்கும். கிளம்புகிற வாரத்தில் ஈபேர்ட் (பறவை பார்ப்பவர்கள் கண்டதைப் பதியும் இணையதளம்) பதிவுகளை நம்புங்கள், பழைய பயணக் குறிப்புகளை அல்ல.

முதல் நாள் எச்சூக்கா வரை சுமார் 220 கி.மீ. அங்கிருந்து 40 கி.மீ. வடக்கே மத்தூரா. இரண்டு இரவு இங்கேயே தங்குங்கள். ஆற்றோரம் நிற்பது ரிவர் ரெட் கம்; நம்மூரில் தைலமரம் என்று நட்டிருப்பவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் பொந்து விழ நூறு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால் கிழட்டு மரங்களில்தான் சூப்பர்ப் கிளி கூடு வைக்கும். இரை தேடுவதோ சில கி.மீ. தள்ளியுள்ள பாக்ஸ் என்ற வேறொரு யூகலிப்டஸ் மரக்காட்டில். காலையில் இரண்டுக்கும் நடுவில் நின்று, பறக்கும்போது எழுப்பும் குரலைக் கேட்டுத் தலையைத் தூக்கினால் போதும். ரெட் கம் மரத்தடியில் மட்டும் கூடாரம் போடாதீர்கள். காற்றில்லாத நாளிலும் பெரிய கிளை முறிந்து விழும்.

அடுத்து டெனிலிக்வின், ஜெரில்டெரி வழியாகக் கிட்மன் வே நெடுஞ்சாலையைப் பிடித்துக் கொலியம்பாலி. நெல் வயல்கள். ஆஸ்திரேலியக் குருகு, அழிவில் இருக்கும் பறவை, இங்கே நெல்லுக்குள் கூடு கட்டுகிறது. பயிர் மறைக்கும் அளவு வளர்ந்தபின்தான் வரும் என்பதால் அக்டோபரில் வயலில் தேடுவது வீண். டிசம்பர், ஜனவரிதான் காலம். விதைத்து வெகுநாள் கழித்துத் தண்ணீர் கட்டும் புது முறையில் சிக்கல் உண்டு: குஞ்சு பறக்கும் முன்னே அறுவடைக்கு வயலை வடித்துவிடுவார்கள். வயல்கள் தனியார் நிலம், சாலையோரமே நில்லுங்கள்.

லீட்டன் ஊரை ஒட்டிய ஃபைவ்பவ் சதுப்புக்கு ஒரு முழு நாள். பிரோல்கா கொக்கு, சைபீரியாவிலிருந்து வரும் கூர்வால் உள்ளான், நம் ஏரிகளிலும் காணும் மீசை ஆலா. ஒரு விஷயம் பலருக்குத் தோன்றாது: அங்கே உச்சி வெயில் வடக்கே இருக்கும். நீங்கள் நீரின் வடகரையில் நின்று தெற்கே பார்த்தால்தான் நிறம் தெரியும், எதிர்க்கரையில் எல்லாம் கறுப்பு நிழல். 8x42 பைனாகுலரோடு (8 மடங்கு பெருக்குவது) முக்காலியில் வைக்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பும் வேண்டும், ஆனால் பத்து மணிக்கு மேல் கானலில் 60 மடங்கு உருப்பெருக்கம் உதவாது; முப்பதோடு நிறுத்துங்கள்.

புல்வெளியில் வாழும் பிளெயின்ஸ்-வாண்டரர் என்ற சிறு பறவை வேண்டுமென்றால் டெனிலிக்வின் பக்கம் வழிகாட்டியோடு இரவில்தான். முன்பதிவு மாதக்கணக்கில் முன்னதாக.

கொசு மருந்தைக் குறைத்து மதிக்காதீர்கள். கொசுவால் பரவும் ராஸ் ரிவர் காய்ச்சல் இந்தப் பக்கம் உண்டு. முழங்கால் வரை மூடிய காலணி, விஷமுள்ள பழுப்புப் பாம்புக்காக. அந்தி சாய்ந்தால் கங்காரு சாலைக்கு வரும், அதற்குள் ஊர் சேருங்கள். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக் கொண்டு, நான்கு சக்கர இழுவை வண்டியும் வழுக்கும். காயும்வரை தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள். வாடகைக் கார் ஒப்பந்தத்தில் மண்சாலைக்கும் இரவில் விலங்கு மோதலுக்கும் காப்பீடு உண்டா என்று சாவி வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். பலவற்றில் இருக்காது.