மீன் தொட்டிக்கு மரக்கட்டை: அடுப்பில் ஏற்றும் முன் கேட்க வேண்டியவை

கொடிவேரிக்குக் கீழே ஆற்றோரத்தில் அருமையான வேர்க்கட்டை ஒன்று கிடைத்ததுங்க. நல்லா கழுவிட்டுத் தொட்டியில் போட்டுக்கலாங்களா? (கோபிசெட்டிபாளையம்)

கழுவினால் மட்டும் போதாதுங்க. முதலில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் உளுத்த கட்டை. அது தண்ணீருக்குள் போய் அழுகும், விறகுக்குத்தான் ஆகும். கெட்டியாக இருந்தால் பட்டையை முழுக்க உரித்தெடுங்கள்; பூச்சி முட்டையும் பிசினும் அதற்கடியில்தான் ஒளிந்திருக்கும். நார் பிரஷ் கொண்டு ஓடும் தண்ணீரில் சந்து பொந்தெல்லாம் தேய்க்க வேண்டும். சோப்பு, பாத்திரத்தூள் எதுவும் கூடாது. மரம் அதைக் குடித்துவைத்துக்கொண்டு பிறகு மெல்லத் தொட்டியில் விடும்.

அடுத்து கொதிக்க வைப்பது. சமையலுக்குப் புழங்காத பழைய அண்டா ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். கட்டை முழுகத் தண்ணீர் ஊற்றி, கொதி வந்த பின் ஒரு மணி நேரம், பருமனான கட்டை என்றால் இரண்டு மணி நேரம். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மறுபடியும். குக்கரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். சிராய் போய் வெயிட் துவாரத்தை அடைத்தால் ஆபத்து. பிறகு பிளாஸ்டிக் டிரம்மில் இரண்டு வாரமாவது ஊறட்டும், இரண்டு நாளைக்கொரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். பூச்சிமருந்தோ சாயமோ இருந்த டிரம் வேண்டவே வேண்டாம்.

உங்கள் பக்கம் நெல் வயல் அதிகம். கட்டை கிடந்தது ஆற்று மணலிலா, வயல் தண்ணீர் வடிகிற ஓடையிலா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஓடை என்றால் வயலுக்கு அடித்த மருந்து கட்டையில் ஊறியிருக்கலாம், எடுத்த இடத்திலேயே போட்டுவிடுவது நல்லது.

நொய்யல் கரையில் கட்டைக்குப் பஞ்சமே இல்லை. மூன்று தடவை கொதிக்க வைத்தால் சரியாகிவிடாதா? (திருப்பூர்)

ஆகாதுங்க. நொய்யலில் எத்தனை வருடம் சாயக்கழிவு ஓடியது, ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி நின்று அந்தப் பக்கத்து விவசாயம் என்ன பாடுபட்டது என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011-ல் உயர் நீதிமன்றமே சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போன விவகாரம் அது. கொதி தண்ணீரில் கிருமியும் புழுவும் சாகும். ஆனால் மரத்தின் நாளத்துக்குள் ஏறிய உப்பும் ரசாயனமும் எத்தனை கொதிக்கும் முழுதாக வெளியே வராது. கழுவும் முறையைவிடக் கட்டை வந்த வழிதான் எனக்கு முக்கியம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும் என் தொட்டிக்குள் போகாது.

பழைய வண்டிச் சக்கரம், வீட்டு உத்தரம் கேட்டு எழுதியவர்களுக்கும் இதே பதில்தான். முந்திரிக்கொட்டை எண்ணெயோ வார்னிஷோ பூசியிருக்கும். விட்டுவிடுங்கள்.

தோட்டத்து மரங்களில் எது ஆகும்? காட்டுக்குள் விழுந்து கிடப்பதை எடுக்கலாமா? (பொள்ளாச்சி)

கொய்யா நல்ல தேர்வு. கெட்டி, வளைவு நெளிவும் அழகு. பச்சையாக வெட்டிப் போடாமல், பட்டை உரித்து நிழலில் ஆறு மாதமாவது காய விடுங்கள். வேம்பு வேண்டாம், பயிர்ப்பூச்சியை விரட்டுகிற அதன் சத்து மீனுக்கும் நஞ்சு. அரளி, கள்ளி, புங்கன் மூன்றையும் தள்ளி வையுங்கள். கள்ளிப்பாலையும் புங்கங்கொட்டையையும் தண்ணீரில் கலந்து மீனை மயக்கிப் பிடித்த பழக்கம் முன்பு இருந்ததே.

காட்டுக் கட்டை கூடவே கூடாது. ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் கீழே கிடப்பதை எடுத்தாலும் குற்றம்தான். தவிர, அந்தக் கட்டைக்குள் எத்தனையோ உயிர்கள் குடியிருக்கும்.

தண்ணீர் டீ நிறத்துக்கு மாறிவிட்டது. மீனுக்கு ஆகாதா? (கோவை, வடவள்ளி)

மரத்திலிருந்து இறங்கும் துவர்ப்புச் சத்து, டானின். அதனால் கெடுதல் இல்லை; ஃபைட்டர் மீனுக்கு அது பிடிக்கவே செய்யும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, அதில் டானின் சேர்ந்தால் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) சீக்கிரம் இறங்கும். போர் தண்ணீர் கடினத் தண்ணீர் என்பதால் அதில் பி.எச். அவ்வளவாக அசையாது. முதல் மாதம் வாரம் ஒரு முறை பி.எச். பார்த்து, கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். நிறம் கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் வைத்தால் தெளிந்துவிடும்.

கட்டை மேல் வெள்ளையாகச் சளி மாதிரி படர்கிறதே? (ஈரோடு)

பூஞ்சையும் பாக்டீரியாவும்தான். சில வாரத்தில் தானே போகும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மட்டும் கட்டையை உடனே வெளியே எடுங்கள்.

ஒரு மாதம் ஊறியும் மிதக்கிறது. கடப்பாக்கல்லில் கட்டி இறக்கட்டுமா? (கரூர்)

கருங்கல் பலகையில் கட்டுங்கள். கடப்பாக்கல் சுண்ணாம்பு வகை, தண்ணீரின் கடினத்தைக் கூட்டும். சந்தேகமாக இருந்தால் கல் மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூவால் அடியிலிருந்து முடுக்கி, கல்லை மணலுக்குள் புதைத்து விடுங்கள். கட்டையைத் தொட்டியின் இரு பக்கக் கண்ணாடிக்கு நடுவே நெருக்கிச் செருகி நிறுத்தக் கூடாது. ஊறிய மரம் உப்பும். கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.